மலையேறிய சலவை வேன்

எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் வேன் சைக்கிளை முந்தப் பார்த்தது. அதுதான் காலையிலிருந்து சலவைக் கடைக்காரருக்குப் பெரிய தலைவலி.

மலைச்சாலையில் ஒரு வளைவு மேலே அவர் மனைவி சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் பனியன், சிவப்பு ஹெல்மெட். அவள் கண்ணில் தான் படக் கூடாது, தன் கண்ணிலிருந்து அவள் தப்பவும் கூடாது. முதல் கியரில் உருட்டினால் வேன் இருமியது. நிறுத்தி நிறுத்திப் போனால், பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்துக் காட்டையே எழுப்பினார். ஒவ்வொரு ஹாரனுக்கும் கடைக்காரர் ஸ்டியரிங்குக்குக் கீழே தலையைப் பதுக்கிக்கொண்டார். வேனின் இரண்டு பக்கமும் சிரிக்கிற சட்டை ஒன்றை ஆளுயரத்துக்கு வரைந்து, கீழே கடைப் பெயரை எழுதியிருந்தது அவருக்கு ஞாபகமே வரவில்லை.

போன வருஷம் அவளுக்கு இதயத்தில் ஆபரேஷன். அதற்குப் பிறகு கடையில் ஒரு தலையணை உறையைக்கூட அவர் அவளைத் தூக்க விட்டதில்லை. குளியலறைக் கதவைத் தட்டி, "உள்ளே இருக்கியா?" என்பார். "வேற எங்க போவேன், ஜன்னல் வழியா குதிச்சா ஓடுவேன்?" என்று பதில் வரும். கடைசியாகப் பரிசோதித்த டாக்டர், "இனிமே நீங்க சைக்கிள்கூட ஓட்டலாம்" என்று ஏதோ பேச்சுவாக்கில் சொல்லிவைத்தார். அவள் மறுநாளே சைக்கிள் வாங்கி, அந்த வாரமே ஊர் சைக்கிள் கிளப்பிலும் சேர்ந்துவிட்டாள். இப்போது கிளப்போடு மலையுச்சி ஏரிக்குப் பயணம்.

முந்தின நாள் அவள் ஹெல்மெட்டைப் போட்டுப் பார்த்தபோதே வீட்டில் பெரிய ரகளை.

"ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்னை என் பாட்டுக்கு விடுங்க. நீங்க பின்னாடி வரக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

"பண்ணிட்டேன்."

"என் தலையில அடிச்சுப் பண்ணுங்க."

"ஹெல்மெட் போட்டிருக்கியே, செல்லுமா?"

அவள் முறைத்தாள். அவர் ஹெல்மெட் மீதே கையை வைத்துச் சத்தியம் செய்தார். ஆனால் உச்சி ஏரிக்கரை லாட்ஜுக்கு அவர் கடையிலிருந்துதான் விரிப்புகளும் துண்டுகளும் போகின்றன. வாரக் கடைசியில் போக வேண்டியவை கொஞ்சம் முன்னாலேயே போனால் யார் குடி முழுகிவிடும்? சத்தியம் மனைவிக்கு, துணி லாட்ஜுக்கு; அது வேறு, இது வேறு என்று மனசாட்சிக்கு ஒரு இஸ்திரி போட்டு மடித்து வைத்துவிட்டு, மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பியிருந்தார்.

மலைவழியில் இருக்கும் கீழ் ஏரியைத் தாண்டியதும் வந்தது முதல் வினை. கனத்த உடம்புக்காரர் ஒருவர் நடுரோட்டில் இரண்டு கைகளையும் நீட்டி நின்றார். ஊர்த் தபால்காரர்; அவரும் கிளப் ஆள்தான். அவர் சைக்கிளின் செயின் அறுந்து, செத்த பாம்பு மாதிரி தரையில் கிடந்தது.

"நல்லவேளை, வந்துட்டீங்க!" என்று சொல்லிக்கொண்டே அவர் வேனின் பின்கதவைத் திறந்து சைக்கிளை உள்ளே தள்ளினார்.

"ஐயா, இது சலவை வேன்! துணி இருக்கு!"

"இருக்கட்டும் சார், எனக்கு மெத்துன்னு இருக்கும்."

வாக்குவாதம் செய்தால் மேலே கேட்டுவிடும். கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு அவரை ஏற்றிக்கொண்டார்.

தபால்காரருக்கோ வாய் ஒரு நிமிஷம் சும்மா இருக்கவில்லை. ஜன்னலில் பாதி உடம்பை வெளியே விட்டு, வழியில் தென்பட்ட ஒவ்வொருவரையும் பார்த்து, "விடாதீங்க! மிதிங்க! அப்படித்தான்!" என்று கத்தினார். பைன் மரங்களுக்கு நடுவே அது எதிரொலித்து இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது.

"அண்ணே, முன்னாடி காத்து ஜாஸ்தி. பின்னாடி போய் உக்காருங்க" என்று நயமாகச் சொல்லிப் பார்த்தார் கடைக்காரர். தபால்காரர் பின்னால் போனார். போனவர் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "மூச்சு வாங்குறவங்க ஏறிக்கலாம், இடம் இருக்கு!" என்று அழைப்பு விடுக்க ஆரம்பித்துவிட்டார்.

உடனே பல் டாக்டர் அம்மா ஏறினார். கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்திருந்தது. இஸ்திரி மடிப்புக் கலையாத விரிப்புகளின் மேல் காலை நீட்டிப் படுத்து, "ஐயோ, என்ன சுகம்! எந்த சோப்பு போடுறீங்க?" என்று கேட்டார். அவருக்குப் பின்னால் பேக்கரிக்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள். "இவரை ஏத்திக்கோங்க, பாவம், நான் மிதிச்சுடுவேன்" என்றாள் அவள். "எனக்கென்ன, இவளைத்தான் ஏத்தணும்" என்றார் அவர். யாருக்கு அதிகக் களைப்பு என்று சண்டை முற்றி, கடைசியில் இரண்டு பேருமே ஏறினார்கள்.

இத்தனைக்கும் நடுவில் மஞ்சள் பனியன் கண்ணிலிருந்து மறைந்தே போயிற்று.

அந்த நேரம் பார்த்து மழை கொட்டியது. மலை மழை, ஊசி ஊசியாகக் குத்தியது. பல் டாக்டரின் பற்களே தாளம் போட ஆரம்பித்தன. கடைக்காரருக்கு மனசு கேட்கவில்லை. ஒரு மூட்டையைப் பிரித்து ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தார். ஒருவருக்குக் கொடுத்துவிட்டு இன்னொருவருக்கு எப்படி இல்லை என்பது? அதற்குள் பின்னால் வந்த கோஷ்டியும் வேனைக் கண்டு ஓடி வந்தது. தபால்காரர் யாரையும் கேட்காமல் பெரிய விரிப்பு ஒன்றை வேன் கதவிலிருந்து மரக்கிளைக்கு இழுத்துக் கட்டிக் கூடாரம் போட்டார். வெள்ளை வெளேரென்றிருந்த துணிகள் கண்ணெதிரே சேற்று நிறமாவதைக் கடைக்காரர் பார்த்துக்கொண்டே நின்றார். எல்லாம் அவரே பார்த்துப் பார்த்து மடித்தவை.

அப்போது மேலிருந்து இறங்கி வந்த கார்க்காரர் கண்ணாடியை இறக்கினார். "மேல வளைவுல உங்க ஆள் ஒருத்தர் விழுந்துட்டாங்க."

"யாரு?"

"முகம் தெரியலை. சிவப்பு ஹெல்மெட்."

அதற்குப் பிறகு மறைந்து வருவதாவது, மெதுவாக வருவதாவது! வேன் சீறிப் பாய்ந்தது. கூடாரம் வாலாகப் பின்னால் பறந்தது. உள்ளே இருந்தவர்கள் ஒருவர் மடியில் ஒருவர் உருண்டார்கள். "மெதுவா சார்!" என்ற தபால்காரரின் குரல் அவர் காதில் ஏறவேயில்லை. ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற அந்த நாள்தான் கண் முன்னால் நின்றது. அன்றைக்கு அவளோடு உள்ளே போக முடியவில்லை. அன்றிலிருந்துதான் அவரால் எந்தக் கதவுக்கு வெளியேயும் நிற்க முடிவதில்லை.

வளைவில் சிவப்பு ஹெல்மெட் குனிந்து உட்கார்ந்திருந்தது. கடைக்காரர் மழையில் குதித்து ஓடி, சேற்றில் மண்டியிட்டு, அந்தத் தோளைக் கட்டிப் பிடித்தார்.

"ஏம்மா! ஒண்ணும் ஆகலையே? நெஞ்சு வலிக்குதா? பேசும்மா!"

ஹெல்மெட் நிமிர்ந்தது. அதற்குள் ஒரு பெரிய மீசை இருந்தது.

"முட்டிதான் சார் வலிக்குது" என்றார் மீசைக்காரர் தயக்கத்துடன்.

கடைக்காரர் எழுந்திருக்கவில்லை. தலையணை உறை ஒன்றைக் கிழித்து, நனைத்து, அந்த முட்டியைத் துடைத்துக் கட்டினார். கட்டி முடிக்கும்வரை அவர் கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டிக்கொண்டே இருந்தது.

"சார், அடி எனக்கு. நீங்க ஏன் அழறீங்க?"

"மழைங்க" என்றார் கடைக்காரர்.

மழை நின்றுபோய்ச் சற்று நேரம் ஆகியிருந்தது.

உச்சி ஏரிக்கரையில் வேன் நின்றதும், விரிப்பும் துண்டும் போர்த்திய கூட்டம் பேய்ப்படை போலத் திமுதிமுவென்று இறங்கியது. லாட்ஜ் மேனேஜர் வாசலுக்கு வந்து உற்றுப் பார்த்தார்.

"அது எங்க துணிதானே?"

"ஆமா. சலவைக்கு எடுத்துட்டுப் போறேன்."

"இன்னும் குடுக்கவே இல்லையே சார்!"

அதற்குள் மஞ்சள் பனியன் எதிரே வந்து நின்றது. அவர் முதலில் அவள் உதட்டின் நிறத்தைப் பார்த்தார், பிறகு மூச்சை, அதற்கும் பிறகுதான் கண்களை.

"என்னங்க, சத்தியம் என்னாச்சு?"

"துணி கொண்டாந்தேன்."

அவள் துண்டு கட்டிய தபால்காரரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "இந்தத் துணியா?"

"தப்புதாம்மா. யாரோ விழுந்ததாச் சொன்னாங்க. நீதான்னு நினைச்சு..."

அவள் அவருடைய நனைந்த சட்டைக் காலரை இழுத்துச் சரி செய்தாள். "ஒரு இடத்துலகூட இறங்கித் தள்ளலை, தெரியுமா? முழுக்க மிதிச்சே வந்தேன். பாத்தீங்களா?"

அவர் திருதிருவென்று விழித்தார். அவளைப் பார்ப்பதற்கென்றே வந்தவர், அவளைத் தவிர அத்தனை பேரையும் பார்த்திருந்தார்.

"பாக்கலையே..."

"பரவாயில்லை. இறங்குறப்ப பாருங்க" என்று சிரித்துவிட்டு, அவள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, தண்ணீரில் கால் நனைக்கப் போனாள். யாரும் கைபிடிக்காமல் கரைப் பாறைகளில் தாவித் தாவி அவள் இறங்குவதை அவர் இருந்த இடத்திலிருந்தே பார்த்தார். பின்னால் ஓடவில்லை. ஒரே ஒரு அடிதான் எடுத்து வைத்தார், அதையும் திரும்ப எடுத்துக்கொண்டார்.

கிளப் செயலாளரான கணக்கு டீச்சர் அவரிடம் வந்தார். கூட்டத்தில் முதலாவதாக மேலே வந்து சேர்ந்தவர்.

"ரொம்ப நன்றி சார்."

"நன்றியெல்லாம் வேண்டாம் டீச்சர். வர மாட்டேன்னு அவளுக்குச் சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கேன். அதுவே வெக்கமா இருக்கு."

"அட, அதைப் போய்..." என்று டீச்சர் சிரித்தார். "பின்னாடி வர்றதுக்கு ஒரு வேன் கிடைக்காம அலைஞ்சுட்டிருந்தோம் சார். அக்காதான் சொன்னாங்க: 'என் வீட்டுக்காரரை வாங்கன்னு கூப்பிட்டா ஆயிரம் வேலை சொல்வார், வரக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிடறேன், கட்டாயம் வந்துடுவார்'னு."