பீட்டா போட்ட முகூர்த்தம்

எந்தப் பொருளும் முழுசாக முடியும் வரை பொறுத்திருக்கத் தெரியாத ஒரே ஒரு மனிதனைக் கடவுள் படைத்து, அவனை ஆந்திர எல்லை நகரியில் எங்கள் நெசவுத் தெருவில் கொண்டுவந்து விட்டார். காஜா எடுக்கும் முன்பே சட்டையைத் தையல்காரரிடமிருந்து பிடுங்கி, ஊக்கு குத்திப் போட்டுக்கொள்வான். மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்தபோதே சைக்கிளில் ஏறிப் போய், நடுவில் பாலம் இல்லாததைக் கண்டு திரும்பி வந்து, "பாதி நல்லா கீது" என்று தெருவுக்கே சொன்னவன்.

அவன் சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. பீட்டா என்போம். முதலில் கேபிள் டிவிக்கு ஒயர் இழுத்தான், பிறகு இன்டர்நெட்டுக்கு. அதற்குள் எங்கள் தெருப் பிள்ளைகள் பெங்களூர், துபாய், லண்டன் என்று கிளம்பிவிட்டார்கள். ஒரு பிள்ளை போன வீட்டுக்கு ஒரு ரவுட்டர் வந்தது. அந்தப் பெட்டிக்குள் ஓடுகிற சாப்ட்வேரைக் கம்பெனிக்காரர்கள் அவ்வப்போது புதுசாக்குவார்களாம். சரியாக வருவதற்கு முன்பே, தைரியம் உள்ளவர்கள் போட்டுப் பார்க்கட்டும் என்று ஒன்றை விடுவார்களாம். அதற்குப் பெயர்தான் பீட்டா. எங்கள் தெருப் பெண்கள் காதில் அது பீடை என்று விழுந்தது. பெரிய தப்பில்லை.

கணக்கு வாத்தியார் வீட்டில் அவன் பீட்டா போட்ட பிறகு, நெட்டு சமையலறையில் மட்டும்தான் வந்தது. வாத்தியார் வாழ்நாளில் முதல் தடவையாக அங்கே போய் உட்கார்ந்தார். சும்மா உட்கார முடியாமல் வெங்காயம் உரித்தார். சரி செய்ய வந்த பீட்டாவை அவர் மனைவி வாசலிலேயே மடக்கி, "அப்புடியே வுட்டுடு நைனா, நல்லா இருப்ப" என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

என் வீட்டுப் பெட்டியைத் தொட நான் அவனை விட்டதே இல்லை. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனாலும் என்னைக் கேட்காமல் என் வீட்டில் ஒரு விளக்கு எரியாது.

அப்படி இருக்கையில் லண்டனில் இருக்கும் என் மகனுக்குக் கல்யாணம் வந்தது. பெண்ணுக்கும் அங்கேயேதான் வேலை. அவர்களுக்கு லீவு இல்லை, எங்களுக்கு விசா இல்லை. அங்கே ஒரு கோயிலில் தாலி கட்டுவது, நாங்கள் வீடியோவில் பார்ப்பது என்று முடிவாயிற்று. பெண்ணின் அம்மா கரூரிலிருந்து தனியாகப் புறப்பட்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார். முகூர்த்தம் நம் ஊர்க் கணக்கில் மத்தியானம் மூன்றரை.

செல்போனில் பார்க்கலாமே என்பீர்கள். மலை ஓரத் தெரு. மாடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றால் ஒரு கோடு சிக்னல் வரும். இரண்டு சம்பந்திகள் பட்டுப்புடவையோடு தொட்டி மேல் நிற்க முடியுமா?

ஆக, ரவுட்டரை நம்பித்தான் கல்யாணம். அதுவோ பேச்சு நடுவில் முகத்தை அப்படியே உறைய வைத்துவிடும். போன வாரம் மகன், "அம்மா, ஒண்ணு சொல்லணும்" என்று வாயைத் திறந்த நிலையில் நின்றுபோனான். கல்யாணமே நின்றுவிட்டதோ என்று ஓடிப் போய்ப் பெட்டியின் தலையில் தட்டினேன். படம் திரும்ப ஓடியபோது, "ரசப்பொடி தீந்துபோச்சு" என்றான்.

கல்யாணத்தன்று மத்தியானம் ஒரு மணிக்குப் பீட்டா வந்து நின்றான்.

"பெரிம்மா, இப்பதான் புதுசு வுட்டுக்கினு இருக்கான். இத்த போட்டா மூஞ்சி நிக்காதாம்."

"வெந்துச்சாடா?"

"முக்கா வேக்காடு."

"வேகாததத் துன்னுட்டு முகூர்த்த நேரத்துல வாந்தி எடுத்தா?"

அவன் தலையைச் சொறிந்தான். "எடுத்தாலும் எடுக்கும்."

சம்பந்தியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாங்க சம்பந்தி. நின்னு நின்னு வந்தாலும் புள்ளைங்க மூஞ்சி தெரியுதுங்களே."

அவர் சொன்னதும் நியாயம்தான். உறைந்தாலும் முகம் முகம்தான், பெட்டி செத்தால் எங்களுக்கு எதிர்ச் சுவர்தான். ஆனால் தாலி முடிச்சு விழுகிற அந்த நொடியில் நின்றுபோனால், அதை மறுபடி எந்த லண்டனில் போய்ப் பார்ப்பது? கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தேன். காபி ஆறிப்போயிற்று. கடைசியில், "போடு" என்றேன்.

"நடுவுல மட்டும் கரண்டு போவக் கூடாது, பெரிம்மா. போச்சுன்னா பொட்டி திரும்ப எழுந்துக்காது" என்றபடி போட ஆரம்பித்தான். பெட்டியின் விளக்குகள் சிவப்பாயின. தற்செயலாக ஜன்னல் வழியே பார்த்தவன், லைன்மேன் தெருமுனை டிரான்ஸ்பார்மரில் கை வைப்பதைக் கண்டுவிட்டான். செருப்பில்லாமல் ஓடினான். லைன்மேன் தெலுங்குக்காரர். அதனால் ஓடியபடியே தெலுங்கில் கத்தினான்: "ஆபொத்து அண்ணா, ஆபொத்து!"

தெலுங்கில் அதற்கு நிறுத்தாதே என்று பொருள். கரூர்க் காதுக்கு அது, "ஆஃப் போடு" என்று கேட்டிருக்கிறது.

நான் ஜன்னலில் இருந்தேன். லைன்மேன் கையை எடுத்துவிட்டார். அப்பாடா என்று திரும்பினால், சம்பந்தியம்மா பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டு, "தம்பி சொன்னாருங்க, ஆஃப் போட்டுட்டேன்" என்றார்.

ஊருக்கெல்லாம் கரண்டு இருந்தது. எங்கள் பெட்டிக்கு மட்டும் உயிர் இல்லை.

திரும்பி வந்த பீட்டா பெட்டியைத் தூக்கிப் பார்த்தான், குலுக்கினான், காதருகே வைத்துக் கேட்டான். சம்பந்தியம்மாவுக்கு விஷயம் புரிந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். புதுப் பெட்டிக்குத் திருப்பதி போக வேண்டும். போய் வருவதற்குள் அங்கே சாப்பாட்டுப் பந்தியே முடிந்துவிடும். அவன் தன் வீட்டுக்குப் போய், வேறொரு ரவுட்டரோடு வந்தான். மேலே தூசு படியாமல் கைக்குட்டை போர்த்தியிருந்தது.

"இதுல எந்தப் பீடை போட்டு வெச்சிருக்க?" என்றேன்.

"ஒண்ணும் போடல. வாங்கினப்ப எப்புடி இருந்துச்சோ அப்புடியே கீது."

"ஊரான் வூட்டுக்கெல்லாம் முக்கா வேக்காடு, உன் வூட்டுக்கு மட்டும் வெந்ததா?"

ஒயரைச் சொருகிக்கொண்டே மெதுவாகச் சொன்னான். "எம் பொண்டாட்டி குவைத்துல வூட்டு வேல செய்றா பெரிம்மா. வெள்ளிக்கிழம ஒரு நாளுதான் பேச வுடுவாங்க. அத்த வெச்சி எப்புடி வெளாடறது?"

திட்டுவதற்கு நிறைய வைத்திருந்தேன். அந்தக் கைக்குட்டையை மடித்து அவனிடம் கொடுத்தேன்.

மூன்றரைக்குப் படம் வந்தது. மகன் தாலியை எடுத்தான். பெண் கழுத்தருகே கொண்டுபோனான். படம் நின்றுவிட்டது.

"கட்டியாச்சுங்களா? கட்டியாச்சுங்களா?" என்று சம்பந்தியம்மா என் தோளைப் பிய்த்தார்.

"கட்டியிருப்பாரும்மா" என்றான் பீட்டா. "அங்க நேரம் நிக்காது. இங்கதான் நிக்குது."

திரும்ப ஓடியபோது பெண் கழுத்தில் தாலி இருந்தது. மகன் யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். முடிச்சு விழுந்ததை நாங்கள் இருவரும் பார்க்கவில்லை. அதற்காக அழுதோமா, சந்தோஷத்தில் அழுதோமா, இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமையாகியும் திருப்பதியிலிருந்து புதுப் பெட்டி வரவில்லை. சம்பந்தியம்மாவும் இன்னும் ஊருக்குப் போகவில்லை. பீட்டா தன்னுடையதைக் கழற்றிக்கொண்டு போயிருக்கலாம், போகவில்லை. பன்னிரண்டு மணிக்குத் தலை வாரி, எல்லாப் பட்டனும் உள்ள சட்டையாகப் போட்டுக்கொண்டு, எங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்தான். குவைத்திலிருந்து மணி அடித்தது. திரையில் அவன் பெண்டாட்டி முகம் வந்ததும் எங்களைத் திரும்பிப் பார்த்தான்.

"நாங்க கோயிலுக்குப் போயிட்டு வரோம்டா" என்று சொல்லிவிட்டு, சம்பந்தியம்மாவைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன். எதிர்ச் சாரி வேப்பமர நிழலில் இருவரும் நின்றோம். உச்சி வெயிலில் கோயில் சாத்தியிருக்கும் என்று அவனுக்கும் தெரியும்.