முயலோடு மல்லுக்கு நின்ற பிசிக்ஸ்

உலகத்திலேயே ஒரு கார்ட்டூன் முயலை ஜென்ம விரோதியாக நினைத்த மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் ராயபுரத்தில், என் அறையில் குடியிருந்தார்.

சுதந்திரம் வந்த புதிது. நாங்கள் இருவரும் துறைமுகத்தில் குமாஸ்தாக்கள். அவர் திருநெல்வேலிக்காரர். பி.எஸ்ஸி.யில் பௌதிகம் மட்டும் கடைசிவரை தேறாததால் எல்லோருக்கும் அவர் 'பிசிக்ஸ்'தான்.

சனிக்கிழமை தவறாமல் வண்ணாரப்பேட்டைக் கொட்டகைக்குப் போவோம். பெரிய படத்துக்கு முன்னால் முயல் படம் போடுவார்கள். முயல் கடல்மேல் ஓடிப்போய்க் கப்பலைப் பிடிக்கும். ஓடுகிற ரயிலைச் சுற்றிவந்து டிரைவருக்கு டீ கொடுக்கும். கொட்டகையே சிரிக்கும், பிசிக்ஸ் எழுந்து நிற்பார்.

"நடக்காதுவே! இந்த வேகத்துல ஓடினா காத்து உரசியே முயல் வறுவலாயிரும்!"

"குந்து சார், மறைக்குது!" என்று பின்னாலிருந்து ரிக்‌ஷாக்காரக் கன்னியப்பன் கத்துவான்.

ஒருநாள், பெண்கள் பக்கத்துத் தட்டிக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது.

"மொயலு இங்கிலீசு பேசறப்போ கம்முனு இருந்தே. ஓடினா மட்டும் இன்னாத்துக்குயா கூவுறே?"

கூரை பறக்கிற மாதிரி சிரிப்பு. பிசிக்ஸ் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அறைக்கு வந்ததும் சொன்னார்: "நியாயமான கேள்விவே."

அடுத்த சனிக்கிழமை சலவைச் சட்டை, படிய வாரிய தலை. முயல் காலைத் தூக்கியதுமே ஆட்சேபித்தார். பதில் வந்தது. வாராவாரம் இதே கதை. முயல் தூங்குகிற காட்சியில்கூட ஏதாவது குற்றம் கண்டுபிடித்தார்.

"வெளியே வரும்போது பார்த்துப் பேசுங்களேன்" என்றேன்.

"அந்தக் கும்பல்ல எந்த முகத்துக்கு இந்தக் குரல்னு எப்படிவே தெரியும்?" என்றார். காது சிவந்திருந்தது.

மழைக்காலத்தில் பதில் நின்றுபோனது. பிசிக்ஸ் எழுந்து, "நடக்காது!" என்று கத்திவிட்டுத் தட்டியைப் பார்த்தபடி காத்திருப்பார். முன்பெல்லாம் 'குந்து' என்றவர்களும் அவரோடு சேர்ந்து காத்திருந்தார்கள். திரையில் முயல் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

பல வாரம் இப்படிப் போனபின் கன்னியப்பனுக்குப் பொறுக்கவில்லை. தன் கட்டைத் தொண்டையைப் பெண் குரலாக்கி, "இன்னாத்துக்குயா கூவுறே?" என்றான். கொட்டகை உருண்டு சிரித்தது. பிசிக்ஸும் சிரித்தார். அப்புறம் கைக்குட்டையை எடுத்து வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார்.

வெளியே வந்ததும் கன்னியப்பன் தயங்கித் தயங்கி வந்தான்.

"மன்சுல வெச்சுக்காத சார். அந்தப் பொண்ண மீஞ்சூர்ல கட்டிக் குட்த்துட்டாங்க. நல்லா கீதாம்."

"நல்லா இருக்கட்டும்" என்றார் பிசிக்ஸ்.

பொங்கல் கழிந்து விசாகப்பட்டினத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வேறொருவர் வந்தார். தங்கமானவர், கொட்டகையில் வாயே திறக்கமாட்டார். அவரோடு ஒரே ஒரு தடவைதான் போனேன். பாதியிலேயே எழுந்து வந்துவிட்டேன்.