நாலு விரல் இடைவெளி

போர்ட் கிள்ளானில் எங்கள் வேர்ஹவுஸுக்குள் காலடி வைத்தவர்களில் கயிறு அண்ணனிடம் இடுப்பைக் கொடுக்காமல் தப்பியவர் ஒருவரும் கிடையாது. முதலாளி தப்பவில்லை. முதலாளியைப் பார்க்க வந்த இன்சூரன்ஸ்காரரும் தப்பவில்லை.

அண்ணன் எங்கள் ஸ்டோர் கீப்பர். பெட்டி கட்டும் ராஃபியா கயிற்றை நம் உயரத்துக்கு வெட்டி, இரண்டாக மடித்து, சட்டையைத் தூக்கச் சொல்லி, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் சுற்றுவார். இரண்டு முனையும் தொட்டால் விட்டுவிடுவார். தொடாவிட்டால் ஷிப்ட் முடியும்வரை உபதேசம்தான். உயரத்தில் பாதியைத் தாண்டி இடுப்பு போனால் ஆபத்து என்று ஏதோ சுகாதார முகாமில் கேட்டிருக்கிறார். மற்றவர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்கள். இவர் கயிற்றை எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்துவிட்டார்.

பன்னிரண்டு மணி நேரம் கன்டெய்னரோடு மல்லுக்கட்டியவனிடம் கையைத் தூக்கு என்றால் அவனுக்கு எப்படி இருக்கும்? புதிதாகச் சேர்ந்த ஒருவர், சவப்பெட்டிக்கு அளவெடுக்கிறார் என்று நினைத்து மறுநாள் வேலைக்கே வரவில்லை.

டிஸ்பாட்ச் கிளார்க்கான எனக்கு அந்தப் பயம் இல்லை. கல்யாணத்தின்போது அறுபத்திரண்டு கிலோ, இப்போதும் அதேதான். கால்சட்டை அளவும் மாறவில்லை. தொப்பைக்குக் கீழே மாட்டினால் எப்படி மாறும் என்று நான் யோசித்ததில்லை. லோரி ஓட்டும் மூர்த்தி என்னைவிட ஒன்றரை மடங்கு ஆள். அவரைப் பிடியுங்கள் என்று நானே அண்ணனுக்கு ஆள் காட்டினேன். ஆறடி மூர்த்திக்குக் கயிறு இழுத்துப் பிடித்ததும் தொட்டது. எனக்கு நாலு விரல் இடைவெளி விழுந்தது.

"கிலோவ நம்பாத தம்பி. கை காலு குச்சி, எல்லாம் நடுவுல இருக்கு. ஒரு சுகர் டெஸ்ட் எடுத்துரு லா."

வேலை இருக்கிறது என்றேன். உண்மை அதுவல்ல. என் அப்பாவுக்குச் சர்க்கரையால்தான் ஒரு கால் போனது. அந்த வார்த்தையை டாக்டர் வாயால் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அதன்பிறகு தினமும் கயிறு வந்தது. நான் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்பேன். அண்ணன் அவசரப்படாமல் என் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி விசாரிப்பார். பதில் சொல்ல வாயைத் திறந்தால் தொப்பை வெளியே வந்துவிடும். சரியாகப் பதில் சொல்லாததால், பிள்ளைகள் படிப்பதில்லை என்று வேர்ஹவுஸ் முழுக்கப் பேச்சானது.

ஒரு லீவு நாளில், காலை ஆறு மணிக்கு, கிள்ளானில் என் வீட்டு கேட்டுக்கு முன்னால் நின்றார். எனக்குப் பசியாற எதுவும் கொடுக்கக்கூடாது என்று என் மனைவியிடம் முதல் நாளே சொல்லி வைத்திருக்கிறார். சண்டை போடத் தெம்பில்லை. அவர் காரில் ஏறினேன்.

கிளினிக்கில் மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் நர்ஸ் எடையைப் பார்த்து, சரியாக இருக்கிறது என்றார். பின்னாலிருந்து அண்ணன் கயிற்றை நீட்டினார். காலையிலேயே களைத்துப்போயிருந்த மிஸ்ஸி கயிற்றையும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டு, டிராயரிலிருந்து டேப்பை எடுத்தார். அளந்ததும் ரத்தம் எடுக்கச் சொன்னார்.

அடுத்த வாரம் டாக்டர் அந்த வார்த்தையைச் சொன்னார். மருந்தையும் சொன்னார். எதுவும் காதில் ஏறவில்லை. வெளியே வந்து, அன்றும் கூட வந்திருந்த அண்ணனைக் கேட்டேன்.

"கால் போயிடுமாண்ணே?"

அவரிடம் கயிறு இருந்தும் வெளியே எடுக்கவில்லை. "இப்பவே வந்துட்ட லா. சொன்னபடி கேட்டா போவாது," என்றார். நான் கிளினிக் வாசலில் அழுதேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாதாமாதம் வந்து காட்ட அட்டை போடப் போனேன். அட்டையில் எழுத, கூட வந்தவர் பெயர் என்ன என்று மிஸ்ஸி கேட்டார். திரும்பிப் பார்த்தேன். அண்ணன் அதற்குள் வாசலில் காவலுக்கு நின்ற ஜாகாவைக் கையைத் தூக்க வைத்திருந்தார். பத்து வருடமாக ஒரே கூரையின் கீழ் வேலை செய்கிறோம், அவர் பெயர் எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அண்ணன் என்று மட்டும் சொன்னேன்.

சொந்த அண்ணனா என்று கேட்டார் மிஸ்ஸி. ஆமாம் என்றேன். பொய் சொன்னதாக இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.