பழக்காலத்தில் வந்த மாமனார்

"ஜூலையில வாங்க, மழை இருக்காது, ஓராங்குட்டான் நெறைய பாக்கலாம், ஜனவரி பழக்காலம், ஒண்ணுகூடக் கண்ணுல படாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே அக்கா!" காட்டாற்றில், சுற்றுலாப் படகின் பின்கட்டில் வழிகாட்டி ஜும்ரி புலம்பினான்.

சமையல்காரி மஸ்னா சட்டியில் மீனைத் திருப்பிப் போட்டாள். வந்திருப்பவர் அவளுடைய ஒன்றுவிட்ட அண்ணன், ஹாஜி அஸ்ரான். அவர் மகள் நோர்லைலா மேல்தான் ஜும்ரிக்கு உயிர். "குரங்கு காட்டிப் பொழைக்கிறவனுக்கா பொண்ணு?" என்று ஊர் சிரித்தபோது, "பையன் தொழிலைப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றிருந்தார் அவர். சொன்னவர் கொட்டும் ஜனவரி மழையில் குடையோடு வந்து நின்றார்.

முதல் நாள், வனக்காவலர்கள் ஓராங்குட்டான்களுக்குத் தீனி வைக்கும் மேடையில் வாழைப்பழத்தைக் கொட்டித் தொண்டை கிழியக் கூவினார்கள். காடெல்லாம் பழம் தொங்கும்போது இதை எந்த ஓராங்குட்டான் சீண்டும்? காட்டுப்பன்றி ஒன்று வந்து சாவகாசமாகத் தின்றது.

"அல்ஹம்துலில்லாஹ்! திரும்பிடலாமா தம்பி?" என்றார் ஹாஜி.

குத்திக் காட்டுகிறாரே என்று ஜும்ரிக்குச் சுருக்கென்றது.

மறுநாள் காட்டுக்குள் நடத்திக் கூட்டிப்போனான். சேறு ஹாஜியின் இடுப்பைத் தொட்டது. ஒரு செருப்பு போனது. கழுத்தில் அட்டை ஏறியது.

"ஒண்ணும் வரலியே?"

"இல்லீங்க ஹாஜி."

"நல்லது, நல்லது. ரொம்ப சந்தோஷம்."

ஜும்ரிக்கு அழுகையே வந்துவிட்டது. மனுஷன் எவ்வளவு நொந்திருந்தால் இப்படிப் பேசுவார்!

மூன்றாம் நாள் துணிந்துவிட்டான். பழம் இருக்கிற இடத்துக்கே போவோம். ஆற்றின் மேல் சாய்ந்து காய்த்துக் குலுங்கிய மரத்தடியில் படகைக் கட்டி, மேல்தளத்தில் நாற்காலி போட்டு ஹாஜியை உட்கார வைத்தான்.

கிளை வளைந்தது. தட்டுப்போல் கன்னம் விரிந்த கிழட்டு ஆண் ஓராங்குட்டான் ஒன்று இறங்கி வந்து, ஹாஜியின் குல்லாவைக் கழற்றி மோந்து பார்த்தது. பிடிக்கவில்லை போலும். அவர் தலையிலேயே வைத்துவிட்டு ஏறிப் போனது.

ஹாஜி அசையவில்லை. கண்ணிலிருந்து நீர் தாரை தாரையாக வழிந்தது.

"ஆனந்தக் கண்ணீர் அக்கா! பாத்தீங்களா? நோர்லைலா இனி எனக்குத்தான்!" ஜும்ரி தகரக் கூரை அதிரக் குதித்தான்.

மஸ்னா தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடப்பாவி! அதைக் கண்டாலே அண்ணனுக்கு ஈரக்குலை நடுங்கும்டா. எப்ப வந்தா ஒண்ணுகூடக் கண்ணுல படாதுன்னு உன்கிட்டயே கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுத்தானே ஜனவரியில வந்தாரு!"