எனக்கில்லாத துக்கம்

சுரண்டை,
ஜூலை 19.

அன்பும் மரியாதையும் மிகுந்த ஜெஸி அக்காவுக்கு, தங்கை ரூபி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் என் வீட்டுக்காரரும் சுகம். கோயம்புத்தூரில் நீங்களும் அத்தானும் அத்தானுடைய முட்டுவலியும் எப்படி என்று அறிய ஆவல். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனை எடுத்தாலே இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மாதவிலக்கு நின்றதிலிருந்து எனக்கு ஏறும் சூடு உங்களுக்குத் தெரியும். மே மாதம் இவர் சரக்கெடுக்க மதுரை போயிருந்த அன்று, எங்கள் ஃபேன், மிக்ஸிக் கடையில் இருக்கும்போது நெஞ்சிலிருந்து உச்சந்தலை வரை கொதித்து, மாட்டியிருந்த எட்டு ஃபேனையும் ஒரே நேரத்தில் போட்டுவிட்டு நடுவில் நின்றேன். பில் புத்தகம் தெருவுக்குப் பறந்தது, ஃபேன் வாங்க வந்த பெரியவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினார். மறுநாளே தென்காசி டாக்டரம்மாவிடம் போனேன். ரெண்டாவது பிரசவத்தில் காலில் ரத்தம் கட்டியதைச் சொன்னதும், ஹார்மோன் மாத்திரை எனக்குச் சரிப்படாது என்று வேறு ஒன்றை எழுதினார். அது மனச்சோர்வுக்குக் கொடுப்பதாம், குறைந்த அளவில் சாப்பிட்டால் இந்தச் சூட்டையும் தணிக்குமாம், சில வாரம் பொறுக்க வேண்டுமாம். இவரிடம் விளக்கிச் சொல்லக் கூச்சம். டாக்டர் மாத்திரை தந்திருக்கிறார் என்று மட்டும் சொன்னேன். டிவியைப் பார்த்தபடியே தலையாட்டினார். இருபத்தாறு வருடமாக எங்கள் பேச்சு அவ்வளவுதான் அக்கா.

நாளுக்குப் பத்துத் தடவை வந்த சூடு ஜூலையில் மூன்றாகக் குறைந்தது. அப்போது ஒரு சனிக்கிழமை மாத்திரை வாங்க இவர் போனார். மருந்துக் கடைக்காரர் இது மனச்சோர்வுக்குள்ளது என்று சொல்லியிருக்கிறார். வந்தவர் டிவியை அணைத்துவிட்டு என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த மூன்றில் ஒரு சூடு அந்த நேரம் பார்த்தா வர வேண்டும்? முகமெல்லாம் வேர்வை வடிந்தது. அழுகிறேன் என்று நினைத்துத் தன் துண்டால் துடைத்துவிட்டார்.

"ரூபி, ஒனக்கு என்ன மனக்குறை? எங்கிட்ட சொல்ல மாட்டியா?"

வாய் வரை வந்த உண்மையை விழுங்கிவிட்டேன். இப்படி ஒருவர் என்னைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று!

இவர் போய்ச் சொல்லியிருக்கிறார். மறுநாள் ஆராதனையில் பாஸ்டர், சகோதரர் ஏசுதாசன் அவர்களின் மனைவியுடைய ஆழ்ந்த துக்கத்துக்காக ஜெபிப்போம் என்றார், சபையே என்னைத் திரும்பிப் பார்த்தது. சாயங்காலமே பெண்கள் சங்கத்தார் முறுக்கும் அதிரசமுமாக வீட்டுக்கு வந்தார்கள். தலைவி அடுப்படிக்கு வந்து, அவர் கைநீட்டுவாரா என்று மெல்லக் கேட்டார். இல்லவே இல்லை என்று நான் பதறியதையே ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள். இப்போது கோயில் வாசலில் இவருக்கு யாரும் ஸ்தோத்திரம் சொல்வதில்லை. இவர் தலையைக் குனிந்துகொண்டு போகிறார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கடையை அடைத்துவிட்டு என்னைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனார். ஐந்தருவியில் ஆண்கள் பக்கத்திலிருந்து என் பெயரைச் சொல்லி, நல்லா இருக்கா, நல்லா இருக்கா என்று கத்திக்கொண்டே இருந்தார். என் பக்கத்தில் நின்ற ஒரு புளியங்குடிக்காரி, பதில் சொல்லுங்கம்மா, பாவம் என்றாள். பிறகு சாரலில் நனைந்துகொண்டு மங்குஸ்தான் பழத்தை உடைத்துக் கொடுத்தபடியே சொன்னார்:

"கல்யாணமான வருசமே ஒன்ன இங்க கூட்டியாரணும்னு இருந்தேன். அப்பா கடைய அடைக்க விடல. பெறவு நானே அடைக்காமப் பழகிட்டேன்."

அந்த வருடம் சாரல் விழும்போதெல்லாம் நான் சேலையை எடுத்துவைத்துக் காத்திருந்தேன் அக்கா.

இப்போது எனக்குச் சூடு ஏறக்குறைய இல்லை. தினமும் சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து சின்ன வயதுக் கதையெல்லாம் சொல்லுகிறார். துக்கமே இல்லை என்று சொன்னால் நாளைக்கே டிவி முன்னால் போய்விடுவார். சொல்லாவிட்டால் ஊர் அவரைக் கொடுமைக்காரர் என்கிறது. இந்தப் பொய்யோடு எப்படி நற்கருணை வாங்குவது அக்கா? என்ன செய்யட்டும் என்று நீங்கள்தான் எழுத வேண்டும். அத்தானுக்கு எங்கள் ஸ்தோத்திரம். உங்கள் வீட்டில் சமாதானம் தங்குவதாக.

உங்கள் அன்புத் தங்கை,
ரூபி

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் மனசு கேட்காமல் இவரிடம் சொல்லிவிட்டேன். ஒரு மிக்ஸியைக் கழற்றிக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை. கோயிலில் ஜெபம் பண்ணிய மறுநாள், திங்கட்கிழமையே, சரக்கு விஷயம் என்று தென்காசி போனாரே, டாக்டரம்மாவைப் பார்க்கத்தானாம். சூட்டுக்கு மாத்திரை என்று அன்றைக்கே தெரியுமாம்.

"பெறவு ஏன் செவ்வாக்கெழம கடைய அடச்சீங்க?"

"ரெண்டு நாளு ஒங்கூடப் பேசிட்டு இருந்தேன்லா. காரணம் இல்லன்னு தெரிஞ்ச பெறவும் நிறுத்த மனசு வரல."

"ஊருல ஒங்கள என்னல்லாம் பேசுதாவ."

"பேசட்டும்."

சங்கத்தாரிடம் ஞாயிற்றுக்கிழமை நானே எழுந்து நின்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் பதில் எழுதிச் சிரமப்பட வேண்டாம். நாளைக்கும் கடை அடைப்பு.