சொலூசன் அண்ணனின் கேரம் போர்டு

கேரள எல்லைக்குள் பாறசாலை முதல் நெய்யாற்றின்கரை வரை சலித்தாலும், பஞ்சர் ஒட்டும் 'சொலூசன்' பசையால் தலையெழுத்தையே ஒட்டப் பார்த்த மனிதர் சொலூசன் அண்ணன் ஒருவர்தான். சைக்கிள் கடைக்காரர். பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கே மறந்திருக்கும்.

தொண்ணூறுகளில் நான் தினமும் சைக்கிளைப் பாறசாலை ஸ்டேஷன் பக்கத்திலிருந்த அவர் கடையில் விட்டுவிட்டுத்தான் நெய்யாற்றின்கரை ஆபீசுக்கு ரயில் ஏறுவேன். துபாயிலிருந்து லீவில் வந்த எவனோ, "வேண்டியத படமா ஒட்டித் தெனமும் பாரும், தானா வரும்" என்று அவரிடம் ஓதிவிட்டான். அவன் விமானம் ஏறிவிட்டான், அகப்பட்டது நாங்கள். அண்ணன் ஒரு பழைய கேரம் போர்டைக் கடைச் சுவரில் மாட்டிவிட்டு, கத்திரியோடு படம் சேகரிக்கக் கிளம்பினார்.

முதல் படம் கார். முடிவெட்டும் கடையில் கிடந்த வாரப் பத்திரிகையிலிருந்து வெட்டினார். கார் படத்தின் முதுகில்தான் தொடர்கதை நாயகிக்கு விஷம் வைத்தது யார் என்ற விவரம் இருந்தது. முடிவெட்டுகிறவர் பாதி மழித்த ஆளை நாற்காலியிலேயே விட்டுவிட்டு ஓடிவந்தார்.

"எலே, வெசம் வச்சவன் உனக்க போர்டுலயாடே இருக்கான்? திருப்பிக் காட்டு!"

"காரைத் திருப்பப்பிடாது. வாறது ரிவர்சுல போவும்!"

கார் அடுத்த வாரமே வந்தது. பிரேக் பிடிக்காமல் வந்து கடையின் பக்கச் சுவரை இடித்துக்கொண்டு நின்றது. அண்ணன் செங்கல் குவியல்மேல் ஏறி, "வந்துதா இல்லியா?" என்று கேட்டார். 

உண்மையில் அவருக்கு வேண்டியிருந்தது காரல்ல, கல்யாணம். வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. கேட்ட இடமெல்லாம் கை விரித்தார்கள். பட்டுப்புடவை விளம்பரத்திலிருந்து ஒரு பெண்ணை வெட்டி, போர்டின் நட்டநடுவில் சிவப்புக் காய் வைக்கும் இடத்தில் ஒட்டினார். அந்த நேரம் பார்த்து கோட்டுகாலிலிருந்து பெண்வீட்டார் மாப்பிள்ளை பார்க்கக் கடைக்கே வந்தார்கள். பெண்ணின் மாமா, "இது ஆரு?" என்றார்.

அண்ணன் வெட்கத்தோடு, "எனக்க பெஞ்சாதியாக்கும்" என்றார்.

டீ ஆறுவதற்குள் அவர்கள் பஸ் ஏறிவிட்டார்கள்.

அண்ணன் படத்தைச் சுரண்டினார். பஞ்சர் பசை லேசில் விடுமா? ஒரு முழங்கை மட்டும் நின்றுவிட்டது. படம்தானே வம்பு, எழுத்தே போதும் என்று சாக்பீஸை எடுத்தார். பெஞ்சாதி என்று எழுதினால் மரியாதையாக இருக்காதென்று, நல்ல தமிழில் "நல்ல சம்சாரம்" என்று எழுதினார்.

அந்த வருஷமே திருப்புறத்திலிருந்து அண்ணி வந்தார். தங்கமான மனுஷி. ஆனால் பேச்சு! தாலி ஏறும்போதே நாதஸ்வரக்காரரிடம் குடும்பம் விசாரித்தவர். அவர் பதில் சொல்ல வாத்தியத்தை இறக்க, கெட்டிமேளத்தில் பாதி காணாமல் போனது.

ஒரு வாரம் கழித்து அண்ணன் என் சைக்கிளை மறித்தார்.

"போர்டு சதிச்சுப்போட்டு மக்கா. மலையாளத்துல சம்சாரம்னா பேச்சுல்லா!"

"நீங்க தமிழ்லதானே எழுதுனிய?"

"எழுத்து தமிழ்தாம்லே. சொவரு கேரளத்துலல்லா நிக்குது!"

பிறகொரு சமயம் அண்ணி கோயில் திருவிழாவுக்குத் தாய்வீடு போயிருந்தார். பஞ்சரான சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். கடையில் ஒரு சத்தமில்லை. அண்ணன் காற்றுப்போன ட்யூபை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி இருந்தார்.

"என்னண்ணா?"

"வீட்டுல சம்சாரம் இல்லடே."

"எந்த பாஷையில?"

"ரண்டுலயும் மக்கா." 

எனக்கு என்னவோ போலாகிவிட்டது. நான் பொதுவாக வாய் திறக்காத ஆள். அன்று அவர் ட்யூபை ஒட்டி முடிக்கும்வரை, ஆபீசில் நடந்ததையும் நடக்காததையும் விடாமல் பேசிக்கொண்டிருந்தேன்.