தாங்கக்கூடிய சுமை

'படுக்கையாய்க் கிடப்போரைக் கவனிக்கும் குடும்பத்தாரின் சுமையை அளந்து அனுப்புக' என்று 1998-இல் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. எதில் அளப்பது என்று அதில் இல்லை. செங்கல்பட்டு அலுவலகத்து ஜானகிராமன் மனசாட்சியுள்ள மனிதர்; தூக்கம் கெட யோசித்தார். சுமை என்றால் கிலோதான். ஐம்பது கிலோவைத் தாண்டினால் 'தாங்கவொண்ணாச் சுமை', முதுகில் புண் வராமல் காக்கும் வாட்டர் பெட் இலவசமாக உண்டு என்று வரம்பு கட்டி ஒப்புதலும் வாங்கிவிட்டார்.

செய்யூர் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை நிறுக்கும் தராசை இரவல் வாங்கி, ஜீப்பில் ஏற்றி வந்து செங்கமலத்தின் வீட்டு வாசலில் இறக்கினார். வாதத்தில் விழுந்த அவள் புருஷன் முத்துசாமியைத் தூக்கி அதில் உட்கார்த்தினார்கள்.

"முப்பத்தொம்பது. பெட் கிடையாதும்மா."

"படுத்துகினே இளைச்சிட்டாரு சார். முன்ன எழுவது கிலோ."

"அப்போ உங்க சுமை முப்பத்தோரு கிலோ குறைஞ்சிருக்கு. நல்ல முன்னேற்றம்."

"முதுவெல்லாம் புண்ணா கீது சார்!"

"புண்ணுக்கு எடை கம்மி."

"ராவெல்லாம் பொரட்டிப் பொரட்டிப் படுக்க வெக்கிறேனே, அது எத்தினி கிலோ?"

"அது வேலை. அதுக்கு வேற டிபார்ட்மென்ட்."

'மேற்படியார் இன்னும் பதினோரு கிலோ தாங்கும் திறன் உடையவர்' என்று சான்றிதழ் வந்தது. தெருவே அவளைப் பாராட்டியது.

அடுத்த மாதம் ஜீப் மறுபடி வந்தது. பின்சீட்டில் தராசு, பக்கத்தில் ஜானகிராமனின் தகப்பனார், அவருக்கும் வாதம்.

"வீட்ல சம்சாரத்தால முடியலம்மா. அப்பா நாப்பத்தொண்ணுதான். உங்க வீட்ல இருந்தா ரெண்டு பேரும் சேர்ந்து எண்பது. உங்களுக்கு பெட் உறுதி!"

செங்கமலம் முகம் மலர்ந்தது. "எறக்குங்க சார். பெட்டுல ரெண்டு பேரையும் போட எடம் பத்துமா?"

"ஒருத்தர்தான் படுக்கலாம். எடை அதிகம் உள்ளவருக்கு முன்னுரிமை. விதி அப்படி."

அவள் தராசு முள்ளையே பார்த்தாள்.

"ரெண்டு கிலோதானே சார் வித்தியாசம்? கஞ்சி ஊத்தப் போறது நான்தானே. நீங்க கெளம்புங்க."

அப்பாவை அங்கே விட்டு வந்த ஜானகிராமனுக்குக் கூவத்தூர் தாண்டியதும் அந்தக் கஞ்சிக் கணக்கு உறைத்தது. டிரைவரிடம் ஜீப்பைத் திருப்பச் சொன்னார். திருப்பியதும், வீட்டில் காத்திருக்கும் சம்சாரத்தை நினைத்து, மறுபடியும் செங்கல்பட்டுக்கே விடச் சொன்னார்.